உஷார்! இத்தாலியில் கெடு ஓடுகிறது

பலெர்மோவிலோ இத்தாலியின் வேறு ஊரிலோ உங்கள் சொந்தக்காரர் யாராவது இருந்தால் இதை இன்றே படித்துக் காட்டுங்கள். அங்கே 'பிரெஸ்கிரிட்சியோனே' என்று ஒரு சொல் உண்டு. டாக்டர் வாயில் வந்தால் பயமில்லை, மருந்தோ டெஸ்ட்டோ எழுதித் தருகிறார். அதே சொல் வக்கீல் கடிதத்திலோ இன்சூரன்ஸ் கடிதத்திலோ வந்தால், மருந்துச் சீட்டு சமாசாரம் என்று மடித்து வைத்துவிடாதீர்கள். வழக்குக்கான கெடுவைப் பற்றிய பேச்சு அது!

எவ்வளவு கொடூரமான கெடு என்று கசாலே மொன்ஃபெர்ராட்டோ ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அங்கிருந்த எடெர்னிட் ஆஸ்பெஸ்டாஸ் ஆலை 1986-ல் மூடப்பட்டது. மெசோதீலியோமா என்ற புற்றுநோயோ, ஆஸ்பெஸ்டாஸ் தூசு நெஞ்சுக்குள் போய் 20, 30, 40 ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டும். 2013-ல் இந்த ஆலை வழக்கில் டூரின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தொழிலதிபர் ஸ்டெஃபான் ஷ்மிட்ஹைனிக்கு 18 ஆண்டு சிறை விதித்தது. 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குற்றமற்றவர் என்று சொல்லி அல்ல; ஆலை மூடியதிலிருந்து எண்ணினால் கெடு தாண்டிவிட்டதாம். நோய் வருமுன்பே வழக்கு காலாவதி! (தனித்தனி மரணங்களுக்காக வேறு வழக்குகள் பிறகு நடந்தன.)

சாதாரணக் குடும்பத்துக்கு வருவோம். சாலை விபத்து நஷ்டஈட்டுக்குப் பொதுவாக 2 ஆண்டுதான். வேலையில் அடிபட்டு, இனாயில் என்ற அரசு காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்பதற்கு 3 ஆண்டு. சிகிச்சையில் தவறென்றால் 2017-ம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவமனை மீது 10 ஆண்டு. அங்கே வேலை பார்க்கும் டாக்டர் மீது நேராகப் போனால் 5.

"பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், பொறுங்கள்" என்று எதிர்த்தரப்பு போனில் இழுத்தடிக்கும். மயங்காதீர்கள்! போன் பேச்சால் கெடு நிற்காது. விபத்து, சிகிச்சை விஷயங்களில் நஷ்டஈடு கேட்டு எழுத்தில், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினால் கெடு மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும். சிவில் வழக்கில் எதிராளி கிளப்பாவிட்டால் நீதிபதி தானாகக் கெடுவைக் காரணம் காட்ட முடியாது என்பது உண்மைதான். ஆனால் எந்த வக்கீல் அதைக் கிளப்பாமல் விடுவார்?

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து நாளைக் கடத்தவும் வேண்டாம். வருமானம் குறைவென்றால், முறையான அனுமதியுடன் வசிக்கும் வெளிநாட்டவருக்கும் அரசு செலவில் வக்கீல் கிடைப்பார். கடிதம் வந்த வாரமே விசாரியுங்கள்.