அணைக்கத் தெரிந்த குட்டி இன்ஜின்

தாம்பரம் யார்டில் ராத்திரி அணைத்து நிறுத்திய ஒரு வாப்-4 மின்சார இன்ஜினை விடிகாலையில் எழுப்பும்போது பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். முதலில் பேபி கம்ப்ரஸர். 110 வோல்ட் பாட்டரியில் ஓடும் இந்தச் சின்னக் கம்ப்ரஸர், கூரைமேல் உள்ள பேண்டோவைத் தூக்கப் போதுமான காற்றைச் சேர்க்கும் வரை கடகடத்துக்கொண்டே இருக்கும். பிறகு பேண்டோ எழுந்து மேல்கம்பியைத் தொடும். அடுத்து, 25,000 வோல்ட்டை உள்ளே விடும் பெரிய பிரேக்கரை டிரைவர் மூடுவார். ‘டிஜே’ என்பார்கள். ‘டப்’பென்று ஒரு அடி. உடனே ஆர்னோ சுழலத் தொடங்கும். ஒற்றை பேஸ் மின்சாரத்தை மூன்று பேஸாக மாற்றும் அந்த இயந்திரம் முனகலில் ஆரம்பித்து ரீங்காரமாக ஏறும். அதன் தலைமேல் ப்ளோயர்களின் இரைச்சல் வந்து விழும். பிற்பாடு பல வாப்-4களில் ஆர்னோவைக் கழற்றிவிட்டு ஸ்டாட்டிக் கன்வர்ட்டர் வைத்தார்கள். பராமரிப்புக்கு லாபம், காதுக்கு நஷ்டம்.

அணைப்பதும் ஒரு வரிசைதான். டிஜே திறக்கும், சுழன்றதெல்லாம் மெல்ல ஓயும், பேண்டோ இறங்கும், கடைசியில் பாட்டரி. கிட்டத்தட்ட 19 மீட்டர் நீள வாப்-4, மாடல் ரயில்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் 1:87 அளவில் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். செம்பாக்கத்து அடுக்குமாடி வீடு ஒன்றின் மேஜைமேல் அதை ஓட்ட நினைப்பவருக்கு இந்த இரண்டு வரிசைகளும் வேண்டும். ஓடும்போது வரும் சத்தத்தைவிட, எழுவதும் அடங்குவதும்தான் ஒரு மாடலை நம்ப வைக்கிறது என்பது என் கட்சி.

பழைய மாடல்களில் இதற்கு வழியே இல்லை. தண்டவாளத்தில் எத்தனை வோல்ட் கொடுக்கிறோமோ அத்தனை வேகம். 12 வோல்ட் என்றால் முழு ஓட்டம், பூஜ்யம் என்றால் நிற்கும். நின்றால் விளக்கும் அணையும். உண்மையில் டீசல் இன்ஜின் பிளாட்பாரத்தில் நிற்கும்போதுதான் நாம் அதன் பக்கத்தில் நின்று, அது ‘தடக் தடக்’கென்று ஐடிலில் ஓடுவதைக் கேட்கிறோம். பழைய மாடலுக்கு அந்த நேரத்தில்தான் மின்சாரமே கிடையாது.

ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்வே சங்கம் 1990களில் ஒரு பொதுத் தரத்தை வகுத்தது. அதுதான் டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்). இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், 14, 15 வோல்ட் அளவில். அதன் திசை நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறிக்கொண்டே இருக்கும். மாறும் இடைவெளியில்தான் செய்தி ஒளிந்திருக்கிறது. 58 மைக்ரோ செகண்டில் மாறினால் அது ‘1’. 100 அல்லது அதற்கு மேல் எடுத்தால் ‘0’. இப்படி ஓடும் ஒவ்வொரு செய்தியிலும் எந்த இன்ஜின், என்ன கட்டளை, செய்தி கெடாமல் வந்ததா என்று சரிபார்க்க ஒரு பைட் என மூன்றும் இருக்கும். எல்லா இன்ஜினும் எல்லாச் செய்தியையும் கேட்கும். தன் எண் வந்தால் மட்டும் அதன் வயிற்றிலுள்ள டீகோடர் அசையும். மோட்டாருக்கு எவ்வளவு, விளக்குக்கு எவ்வளவு, ஸ்பீக்கருக்கு எவ்வளவு என்று பங்கிடுவதும் அதுவே.

ஆக, நிற்கும் இன்ஜினுக்கும் உயிர் வந்துவிட்டது. கூடவே ஒரு தலைவலியும். ஐந்து இன்ஜின்களை யார்டில் நிறுத்தினால் ஐந்தும் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். பக்கத்து ஃபிளாட்காரர் கதவைத் தட்டுவதற்கு முன் அணைக்கும் வழி தெரிந்தாக வேண்டும்.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். கன்ட்ரோலரில் எஃப்0-விலிருந்து எஃப்28 வரை பட்டன்கள் உண்டு. இவற்றில் சத்தத்தை நிறுத்துவது வேறு, இன்ஜினையே அணைப்பது வேறு. மியூட் செய்தால் ஸ்பீக்கர் மட்டும் வாயை மூடும். த்ராட்டிலைத் திருகினால் வண்டி நகரும். ஷட்டவுன் கொடுத்தால் அணைக்கும் சத்தம் முழுதும் ஒலித்து முடியும். அதன்பின் த்ராட்டிலை எத்தனை திருகினாலும் அசையாது. மறுபடி ஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்டு. சில டீகோடர்களில் ஸ்டார்ட் சத்தம் முழுதும் ஓடி முடியும்வரைகூட மோட்டாருக்குக் கரன்ட் போகாது. எந்தப் பட்டன் எதற்கு என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி ஒற்றுமை இல்லை. ஒன்றில் எஃப்8 மியூட்; இன்னொன்றில் அதுவே ஸ்டார்ட், ஷட்டவுன் இரண்டுக்கும்.

சில டீகோடர்கள் ஷட்டவுனையே மூன்று படியாகப் பிரித்திருக்கின்றன. முதல் படியில் மோட்டார் மட்டும் துண்டிக்கப்படும், சத்தம் தொடரும். இரண்டாவதில் சத்தம் தணியும். மூன்றாவதில் முழு உறக்கம். முதல் படியில் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்தான் ‘இன்ஜின் போச்சு’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். த்ராட்டிலைத் திருகினால் உறுமல் கடைசிப் படியான எட்டாவது நாட்ச் வரை ஏறுகிறது, சக்கரம் மட்டும் அசையவில்லை என்றால் யாருக்குத்தான் பயம் வராது? ஆனால் நிஜ டீசல் இன்ஜினிலும் இதே ஏற்பாடு உண்டு. டபிள்யூடிஎம்-2வில் ஜெனரேட்டர் ஃபீல்டு சுவிட்சை அணைத்துவிட்டு நாட்ச் கொடுத்தால் இன்ஜின் வேகமெடுக்கும்; டிராக்ஷன் மோட்டார்களுக்கு மின்சாரம் போகாததால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

டபிள்யூடிஎம்-2 என்றதும் சத்தத்தின் கணக்கு ஒன்றைப் பார்த்துவிடலாம். 1962இல் இறக்குமதியாகி, 1964 முதல் வாரணாசியில் தயாரான இந்த 2,600 குதிரைத்திறன் இன்ஜினுக்கு 16 சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். ஐடிலில் நிமிடத்துக்கு 400 சுற்று. ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிப்பதால் நொடிக்குச் சுமார் 53 வெடிப்பு. 1,000 சுற்றில் ஓடும் முழு வேகத்திலும் 133தான். மாடலுக்குள் வைக்கும் ஸ்பீக்கரோ செல்போனிலிருந்து வந்த சர்க்கரைக் கட்டி அளவுச் சமாச்சாரம். 53 ஹெர்ட்ஸ் அதிர்வைக் காற்றில் எழுப்ப அதற்குத் திராணி கிடையாது. பின் எப்படி அந்தத் ‘தடக் தடக்’ நமக்குக் கேட்கிறது? 53இன் மடங்குகளான 424, 477, 530 என்று மேலே உள்ளவற்றை ஸ்பீக்கர் கொடுத்துவிடும். அவற்றுக்கிடையே உள்ள சீரான 53 இடைவெளியைக் கண்டு, அடிச்சுருதியை மூளையே நிரப்பிக்கொள்கிறது. மின்சார இன்ஜினின் டிரான்ஸ்ஃபார்மர் முனகலும் இப்படித்தான்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், 100 ஹெர்ட்ஸ் முனகல், கேட்பதோ அதன் மடங்குகள். ஸ்பீக்கருக்குப் பின்னால் காற்றுப் புகாத குட்டிப் பெட்டி அவசியம். இல்லாவிட்டால் முன்பக்க அலையைப் பின்பக்க அலை தின்றுவிடும்.

டபிள்யூடிஎம்-2வுக்கு உறுமல் தேடி அதிகம் அலைய வேண்டாம். அதற்குள் இருப்பது அமெரிக்க ஆல்கோவின் 251 வகை இன்ஜின். அதே வகை பொருந்திய அமெரிக்க இன்ஜின்களின் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு ஹாரனை மட்டும் நம்மூருக்கு மாற்றினால் ஏறக்குறையப் பொருந்தும். யாம்-1 விஷயம் அப்படியல்ல. 1960களில் மிட்சுபிஷி 20 மட்டுமே கட்டிக்கொடுத்த, மீட்டர் கேஜில் ஓடிய அந்த மின்சார இன்ஜின்களைத் தாம்பரம் வழியாக விழுப்புரம் போனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2004இல் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் சேவை முடிந்ததோடு அந்தச் சகாப்தமும் முடிந்தது. மாடல் கட்டுபவருக்கு ஒரு வசதி: 1,000 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் 11.5, கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் கிட்டத்தட்ட அச்சாக உட்காரும். நம் பிராட் கேஜோ 1,676. வகுத்தால் 19.3 வர வேண்டும், கடைத் தண்டவாளம் 16.5தான். வாப்-4 மாடல் ஒட்டிய காலோடுதான் நிற்க வேண்டியிருக்கிறது. ஆனால் யாம்-1இன் சத்தத்துக்குப் பழைய வீடியோ கேசட்டுகளைத்தான் துழாவ வேண்டும்.

வீட்டில் ஓட்டுபவர்களுக்கு இரண்டு நடைமுறைச் செய்திகள். ஆட்டம் முடிந்ததும் மெயின் சுவிட்சைப் பட்டென்று அணைக்காமல் ஒவ்வோர் இன்ஜினாக ஷட்டவுன் கொடுங்கள். பல டீகோடர்கள் கடைசி நிலையை நினைவில் வைத்திருக்கும். மறுநாள் சுவிட்சைப் போட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தாது. ஆனாலும், ஒலியுள்ள இன்ஜின்களின் கெப்பாசிட்டர்கள் முதல் நொடியில் ஒன்றாகக் கரன்ட்டை இழுப்பதால் தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் ட்ரிப் ஆகக்கூடும். அப்படியானால் பாதி இன்ஜின்களைத் தூக்கி வைத்துவிட்டுப் போடுங்கள்.

எதற்கும் அசையாத இன்ஜினுக்கு முதலில் ஸ்டார்ட் பட்டனைக் கொடுத்துப் பாருங்கள். சில மாடல்களில் அதை இரண்டு முறை தட்ட வேண்டும். அப்போதும் மசியாவிட்டால், பல கம்பெனி டீகோடர்களில் ‘சிவி 8’ என்ற அமைப்பு எண்ணில் 8 என்று எழுதினால் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். இன்ஜினின் முகவரியும் அழிந்து 3 ஆகிவிடும் என்பதால் அதன் எண்ணைப் புதிதாக எழுத வேண்டியிருக்கும். சிவி 8இல் எழுதும்போது மற்ற இன்ஜின்கள் தண்டவாளத்தில் நிற்கக் கூடாது. நின்றால், அத்தனையும் மூன்றாம் நம்பர் ஆகிவிடும்.