உங்களுக்குத் தெரியுமா? நான்கு சக்கரமும் பிடித்தால் கிளட்ச்தான் கருகும்!

● 1989-இல் ஜப்பானில் வெளிவந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் (ஆர்32) காரில் இரண்டு கிளட்ச்கள் உண்டு. ஒன்று, இடது காலால் மிதிக்கும் வழக்கமான கிளட்ச். மற்றொன்று, பின்சக்கரங்கள் வழுக்கும்போது முன்சக்கரங்களுக்கும் விசையை அனுப்பும் பல தட்டு கிளட்ச். இதை இயக்குவது கம்ப்யூட்டர்.

● பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் காரைச் சீறிக் கிளப்பினால் டயர் வழுக்கிச் சுழலும்; அதிர்ச்சி அங்கேயே தணிந்துவிடும். நான்கு டயரும் தரையைக் கவ்விக்கொண்டால் வழுக்க மிச்சமிருப்பது காலால் மிதிக்கும் கிளட்சின் தட்டுதான். கருகல் வாடை வருவது அங்கிருந்தே.

● எஞ்சின் சக்தியைக் கூட்டுபவர்கள் இரட்டைத் தட்டு கிளட்ச் பொருத்துவது இதனால்தான். உரசும் பரப்புகள் 2-லிருந்து 4 ஆகும். அதே விட்டம், அதே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருமடங்கு முறுக்குவிசையைத் தாங்கும்.

● இரட்டைத் தட்டுக்குப் பதில் ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக்கினால் பெடல் கனக்கும். நெரிசலில் கால் கடுக்கும். செராமிக் தட்டு சூட்டைத் தாங்கும். ஆனால் மெல்ல நகரும்போது வண்டி உதறும்.

● கிளட்ச் வழுக்காவிட்டால் சீறிக் கிளப்பும் அதிர்ச்சி முழுவதும் கியர் பற்களிலும் ஆக்சிலிலும் இறங்கும். கிளட்சை மாற்றுமுன் கியர்பாக்ஸின் வலுவையும் கட்டாயம் பாருங்கள்.