கண்ணுக்குத் துணையாகும் செவி

கண்புரைச் சத்திரசிகிச்சை கண்ணால் மட்டும் செய்யப்படுவதன்று; செவிக்கும் அதிற் பங்குண்டு. கழியொலியால் புரையை உடைத்து உறிஞ்சும் முறையைச் சார்லஸ் கெல்மன் என்னும் அமெரிக்க வைத்தியர் 1967 இல் அறிமுகஞ் செய்தார். அவ்வூசிமுனை நொடிக்கு ஏறத்தாழ 40,000 தடவை அதிரும். 20,000க்கு மேற்பட்ட அதிர்வுகள் மனிதச் செவிக்கு எட்டா. ஆகவே, வைத்தியர் கேட்பது ஊசியின் ஒலியன்று. பொறி அவர்பொருட்டு எழுப்பும் குறியொலியே. அவர் விழிகளோ நுணுக்குக்காட்டியை விட்டு அகலா. முனை அடைபட்டு உறிஞ்சுவிசை ஏறுங்கால் குறியொலியின் சுருதியும் ஏறும். அதனை உணராது கால்மிதியைத் தளர்த்தத் தாமதிப்பின், வில்லையைச் சூழ்ந்த மெல்லுறை கிழியவுங் கூடும்.

முதுமையோ உயர்ந்த சுருதிகளையே முதலிற் கவர்கின்றது. கைத்திறன் கனியும் பருவமும் அதுவே! அதனால் அவர் கருவியைக் கீழே வைத்துவிட வேண்டுமா? மதுரையில் 1976 இல் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய வைத்தியர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய பின்னரும், தமக்கேற்ற கருவிகளைக் கொண்டு ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் செய்தார். கைக்கேற்பக் கருவி மாறிற்றெனின், செவிக்கேற்பவும் மாறலாமன்றோ? உதவியாளர் அளவை உரக்கக் கூறலாம். மிதியே அதிர்ந்து பாதத்துக்கு உணர்த்தும் பொறிகளும் உள. பொறியைத் தெரிவோர், பயன்படுத்தும் வைத்தியரின் வயதையும் வினவிக்கொள்வாராக.