கதிர் முற்றும் முன் வீசிய காற்று: அயோவா விவசாயிகளின் 2020ஆம் ஆண்டு

அமெரிக்க விவசாயிக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம் உண்டு; விதைப்பு முதல் அறுவடை வரை இயந்திரமே செய்துவிடுகிறது; அவருக்கு என்ன கவலை என்று நம்மில் பலர் நினைப்பது உண்டு. மக்காச்சோள உற்பத்தியில் அந்நாட்டில் முதலிடம் வகிக்கும் அயோவா மாநிலம் 2020ஆம் ஆண்டில் பட்ட பாட்டைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

மாநிலத்தின் நிலவரம்

கிழக்கே மிசிசிப்பி ஆறும் மேற்கே மிசௌரி ஆறும் எல்லையாக அமைந்தது அயோவா. பரப்பில் தமிழ்நாட்டைவிடச் சற்றுப் பெரியது. மக்கள்தொகை சுமார் 32 லட்சம்தான். பன்றிகளோ 2 கோடிக்கும் மேல். நல்ல கரிசல் மண். ஆண்டுதோறும் சுமார் 1 கோடியே 30 லட்சம் ஏக்கரில் மக்காச்சோளமும், அதற்கு அடுத்தபடியாக சோயா மொச்சையும் சாகுபடியாகின்றன. பெரும்பாலும் மானாவாரியே. குளிர்காலத்தில் மண் உறைந்துவிடுவதால் ஆண்டுக்கு ஒரு போகம்தான். அந்த ஒரு போகம் தவறினால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அங்கே தானியத்தை அளப்பது புஷல் கணக்கில். ஒரு புஷல் மக்காச்சோளம் சுமார் 25.4 கிலோ. 2019ல் ஏக்கருக்குச் சராசரியாக 198 புஷல், அதாவது ஏறக்குறைய 50 குவிண்டால் கண்டது அயோவா.

பாதிக்கும் மேற்பட்ட நிலம் குத்தகையில் உள்ளது. 2020ல் சராசரிக் குத்தகை ஏக்கருக்கு 222 டாலர். புஷல் 3.20 டாலருக்கு விற்றால், ஏக்கருக்கு விளைவதில் சுமார் 70 புஷல் குத்தகைக்கே போய்விடும். விதை, உரம், களைக்கொல்லி, இயந்திரக் கடன் எல்லாம் அதற்கு மேல்தான்.

விதைத்தபோது விலை இல்லை

அவ்வாண்டு ஏப்ரலில் மண் காய்ந்து பதமாக இருந்தது. விதைப்பு வழக்கத்தைவிட விரைவாக முடிந்தது. பயிரும் நன்றாக முளைத்தது. ஆனால் அதே நேரத்தில் கொரோனா பரவியது. மக்கள் வீட்டில் அடைந்தார்கள், வண்டிகள் ஓடவில்லை. அயோவா மக்காச்சோளத்தில் பாதிக்கு மேல் எத்தனால் எரிபொருள் செய்யவே போகிறது. பெட்ரோல் விற்பனை விழுந்ததும் எத்தனால் ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன, சில மூடப்பட்டன. மக்காச்சோள விலை புஷலுக்கு மூன்றே கால் டாலருக்கும் கீழே இறங்கியது.

பன்றி வளர்த்தவர்கள் நிலை இன்னும் மோசம். தொழிலாளர்களுக்கு நோய் பரவியதால் பெரிய இறைச்சிக் கூடங்கள் பல ஏப்ரல், மே மாதங்களில் மூடப்பட்டன. பன்றி ஆறு மாதத்தில் விற்பனை எடைக்கு வந்துவிடும். அதை அனுப்பினால்தான் அடுத்த குட்டிகளுக்குக் கொட்டிலில் இடம் கிடைக்கும். எடை கூடாதிருக்கத் தீவனத்தில் புரதத்தைக் குறைத்துச் சமாளித்தார்கள் பலர். அதுவும் முடியாதவர்கள், வளர்த்த பன்றிகளைத் தாங்களே கொன்று புதைக்க நேர்ந்தது.

வறட்சியும் காற்றும்

ஜூலையில் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் மழை பொய்த்தது. கதிர் விடும் பருவத்தில் தண்ணீர் இல்லையென்றால் மணி பிடிக்காது என்பதை நம் விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 10ஆம் தேதி காலை மேற்கேயிருந்து ஒரு பெருங்காற்று புறப்பட்டது. இது புயல்போல் சுழன்று வீசுவது அல்ல. இடிமேகங்கள் வரிசையாகத் திரண்டு ஒரே திசையில் நேராக வீசுவது. இதற்கு ‘டெரேச்சோ’ என்று பெயர். நேரானது என்று பொருள்படும் ஸ்பானியச் சொல் அது. அப்பெயரைச் சூட்டியவர் 19ஆம் நூற்றாண்டில் அயோவாவிலேயே வாழ்ந்த ஹின்ரிக்ஸ் என்ற அறிஞர்.

பகலுக்குள் காற்று மாநிலத்தின் மறு எல்லைக்குப் போய்விட்டது. சீடர் ராப்பிட்ஸ் நகரப் பகுதியில் அதன் வேகம் மணிக்கு 140 மைல் (225 கிலோமீட்டர்) வரை இருந்திருக்கும் என வானிலைத் துறை மதிப்பிட்டது. ஆள் உயரத்துக்கும் மேல் வளர்ந்து நின்ற பயிர் பல லட்சம் ஏக்கரில் சாய்ந்தது. சுமார் 5 கோடியே 70 லட்சம் புஷல் கொள்ளும் உரிமம் பெற்ற தானியக் கிடங்குகளும் இரும்புக் குதிர்களும் நசுங்கின. விவசாயிகளின் சொந்தக் குதிர்கள் இந்தக் கணக்கில் சேராதவை.

அறுப்பதா, உழுவதா?

இளம் பயிர் சாய்ந்தால் தண்டு வளைந்து மீண்டும் நிமிரும். பால் பிடித்து மணி முற்றும் பருவத்தில் சாய்ந்தால் நிமிராது. கதிருக்குக் கீழே தண்டு முறிந்த பயிர் அத்துடன் முடிந்தது. வளைந்து மட்டும் கிடந்தது ஓரளவு மணி பிடித்தது. ஆகவே ஒரே வயலில்கூட முறிந்தது எவ்வளவு, வளைந்தது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

மாடு வைத்திருந்தவர்கள் பயிரைப் பச்சையாக நறுக்கிக் குழித்தீவனம் ஆக்கினார்கள். வறட்சியில் வாடிய பயிரின் அடித்தண்டில் நைட்ரேட் சேர்ந்து மாட்டுக்கு நஞ்சாகும். அதனால் தரையை ஒட்டி அறுக்காமல் சற்று உயர்த்தி அறுக்கவும், சோதித்த பிறகே தீவனமாகக் கொடுக்கவும் வேண்டும்.

தானியத்துக்கு விட்டவர்கள் அறுவடை இயந்திரத்தை மிக மெதுவாக ஓட்டினார்கள். சாய்ந்த திசைக்கு எதிராக ஒரே பக்கமாக அறுத்து, வெறுமையாகத் திரும்பி வந்து மீண்டும் அறுத்தார்கள். அதிலும் வழிக்கு வராத வயல்களை அப்படியே மடக்கி உழுதார்கள். உதிர்ந்த மணிகள் அடுத்த ஆண்டு சோயா வயலில் களையாக முளைத்து வேறு செலவு வைத்தன.

காப்பீடு தந்தது எவ்வளவு?

பெரும்பாலோர் பயிர்க் காப்பீடு செய்திருந்தனர். பிரிமியத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது. அங்கே காப்பீட்டுத் தொகை விவசாயியின் சொந்த வயல் கண்ட முந்தைய ஆண்டுகளின் மகசூல் கணக்கை வைத்தே நிர்ணயிக்கப்படுகிறது. விலைக்கு பிப்ரவரி மாதச் சராசரி, அறுவடைக் காலச் சராசரி என்ற இரண்டில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளும் திட்டம் உண்டு. 2020ல் முதலாவது 3.88 டாலர், இரண்டாவது 3.99 டாலர்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒருவரது சராசரி மகசூல் ஏக்கருக்கு 190 புஷல். 75 சதவீதத்துக்குக் காப்பீடு செய்கிறார் என்றால் உத்தரவாதம் 142 புஷல். காற்றுக்குப் பின் கிடைத்தது 90 புஷல் என்றால், குறைந்த 52 புஷலுக்கு 3.99 வீதம் சுமார் 207 டாலர் கிடைக்கும். முதல் 48 புஷல் இழப்பு அவர் தலையில்தான். எல்லா வயல்களையும் ஒன்றாகச் சேர்த்துக் காப்பீடு செய்தவர்களுக்கு, தப்பிய வயலின் நல்ல மகசூல் விழுந்த வயலின் இழப்பைக் கணக்கில் மறைத்துவிட்டது. பிரிமியம் குறைவு என்று அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் பலர்.

விலை வந்தபோது விளைச்சல் இல்லை

அவ்வாண்டு மாநிலச் சராசரி மகசூல் 178 புஷலாகக் குறைந்தது. அறுவடை முடிந்த பிறகு விலை ஏறத் தொடங்கியது. சீனா அதிகமாக வாங்கியது ஒரு காரணம். விளைச்சல் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது மற்றொன்று. டிசம்பர் இறுதியில் சந்தை விலை 4.84 டாலரைத் தொட்டது. குதிர் தப்பியவர்கள், கடன் நெருக்காதவர்கள் இருப்பு வைத்து லாபம் கண்டார்கள். வயலும் குதிரும் ஒருசேர இழந்தவர்கள் அந்த விலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவ்வாண்டு அமெரிக்கா முழுவதும் விவசாயிகளுக்கு அரசு நேரடியாக வழங்கிய உதவி சுமார் 4,500 கோடி டாலர். அது இல்லாவிட்டால் பலர் நிலத்தை விட்டிருப்பார்கள். 2021ல் அயோவாவின் சராசரி மகசூல் மீண்டும் 200 புஷலைத் தாண்டியது.

விளைந்தபோது விலை இல்லை. விலை வந்தபோது விளைச்சல் இல்லை. சிறு விவசாயிக்குப் பழக்கமான இந்தத் துன்பம் பெரும் பண்ணைக்காரரையும் விடவில்லை. அங்கே கைகொடுத்தவை மூன்று: ஆண்டுதோறும் எழுதி வைத்த மகசூல் கணக்கு, நிபந்தனைகளைப் படித்துப் பார்த்துச் செய்த காப்பீடு, அவசரப்பட்டு விற்காமல் சிறிது காலம் வைத்திருக்கப் பத்திரமான இடம். இவற்றுக்கு ஆயிரம் ஏக்கர் தேவையில்லை. முதலாவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இந்தப் போகத்திலேயே தொடங்கலாம்.