கந்தலில் மலரும் பூக்கள்

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் பழமொழி. கசக்கவும் வழியின்றி நைந்துபோன துணியை என்ன செய்வது? பாத்திரக்காரரிடம் போட்டு ஒரு கிண்ணம் வாங்குவோம். இல்லையேல் அது கரித்துணியாகும். கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சித்தி இனப் பெண்களோ, அந்தக் கந்தலைக் கொண்டே கண்ணைப் பறிக்கும் போர்வைகளைத் தைத்துவிடுகிறார்கள்!

சித்தி என்றதும் தாயின் தங்கையை நினைத்துவிட வேண்டாம். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்த மக்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். போர்த்துகீசியர் அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டு வந்தவர்களில் பலர் தப்பியோடிக் காடுகளில் குடியேறினர். வடகன்னட மாவட்டத்தில் ஹளியாள், எல்லாப்பூர், முண்டகோடு வட்டாரங்களில் இவர்களுடைய ஊர்கள் உள்ளன. இவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் கத்தோலிக்கர்களும் உண்டு. 2003-ல் இம்மாவட்டச் சித்திகள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர்.

ஓரத்திலிருந்து நடுவுக்கு

இவர்கள் தைக்கும் போர்வைக்குக் 'கவந்த்' என்று பெயர். வடகர்நாடகத்தில் கௌதி என்றும் மராட்டியத்தில் கோதடி என்றும் வழங்கும் ஒட்டுப் போர்வைகளுக்கு இது நெருங்கிய உறவு.

இதற்குத் தையல் இயந்திரம் வேண்டாம், வரைபடமும் வேண்டாம். பழைய சேலை ஒன்றைத் தரையில் விரித்து, ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். துண்டுத் துணியை வைத்து, விளிம்பை உள்ளே மடித்து, ஓட்டுத் தையல் போடுகிறார்கள். அது முடிந்ததும் பக்கத்திலே அடுத்த துண்டு. இப்படியே ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் நடுவை அடைகிறார்கள். துண்டுகளை இணைப்பதும், அடுக்குகளை இறுக்கிப் பிடிப்பதும் அந்த ஒரே தையல்தான்.

பெரிய துண்டுகள் பரப்பை நிரப்புகின்றன. மிஞ்சும் சிறு துண்டுகளும் குப்பைக்குப் போவதில்லை. பளிச்சென்ற நிறமுள்ளவை 'திக்கெலி' என்ற சிறு ஒட்டுகளாக மேலே ஏறுகின்றன. இன்னும் சில, அடுக்கடுக்காக முக்கோணமாய் மடிக்கப்பட்டு, போர்வையின் நான்கு மூலைகளிலும் அமர்கின்றன. அவற்றின் பெயர் 'பூலா'. பூ என்று பொருள். பூலா இல்லாத கவந்த் ஆடையற்ற உடல் போன்றது என்பது இப்பெண்களின் கருத்து.

கத்தோலிக்கர் சிலுவையையும் முஸ்லிம்கள் பிறையையும் துணியில் வெட்டித் தைப்பதுண்டு. மற்றபடி மழைக்காலக் குளிருக்கு எல்லார் வீட்டிலும் இதே போர்வைதான்.

கூலி கட்டுமா?

2004-ல் இப்பெண்கள் ஒரு கூட்டுறவு அமைப்பாகச் சேர்ந்தனர். அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி ட்ரூவல் இக்கலையை ஆராய்ந்து எழுதினார். 2011-ல் நியூயார்க் நகரின் ஷாம்பர்க் மையத்தில் சித்திகளின் போர்வைகள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. காட்டு வீட்டுத் திண்ணையிலிருந்து கடல் கடந்த பயணம்!

ஆனாலும் கவலை இல்லாமல் இல்லை. பேரக்குழந்தைக்குத் தைக்கும் பாட்டி நாளைக் கணக்கிடுவதில்லை. விலைக்குத் தைக்கும்போது ஒவ்வொரு நாளும் கூலிக் கணக்கு. வாங்குபவரோ அதை ஆலைக் கம்பளியின் விலையோடு ஒப்பிடுகிறார். கந்தலுக்கு விலை இல்லை, உண்மைதான். ஆனால் கண்ணுக்கும் கைக்கும் விலை உண்டல்லவா? அதைக் கொடுக்க மனமில்லாமல் கலையை மட்டும் பாராட்டுவதால் என்ன பயன்?

நம் வீட்டிலும் செய்யலாம்

பெங்களூரில் ரவிக்கை தைக்கும் வீடுகளில் வெட்டுத் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைக் கண்டபடி மூட்டை கட்டாமல், முதலில் பருத்தியையும் பாலியெஸ்டரையும் தனித்தனியே பிரித்துவிட வேண்டும். இரண்டையும் கலந்து தைத்தால், துவைக்கும்போது பருத்தி சுருங்கித் தையல் இழுத்துக்கொள்ளும். சாயம் போகும் துணியை முன்னதாகவே நனைத்துப் பார்த்து ஒதுக்கிவிடுவது நல்லது. பிறகு அளவுப்படி மூன்று பைகள்: உள்ளங்கைக்குப் பெரியவை பரப்புக்கு, சிறியவை ஒட்டுக்கு, நாடாபோல் நீண்டவை ஓரத்துக்கு. நைந்த நூல் புடவை அடித்துணியாகட்டும்.

தாத்தாவின் வேட்டி, அம்மாவின் சேலை, பள்ளிப் பருவத்துப் பாவாடை எல்லாம் ஒரே போர்வையில் சேர்ந்துவிட்டால், அதன் கதகதப்பு கடையில் வாங்கும் கம்பளியில் கிடைக்குமா?