வகுப்பறைக்குள் வந்த நாடகசாலை

1940-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி இரவு முழுவதும் ஜெர்மானிய விமானங்கள் பொழிந்த குண்டுகளால், பழம்பெருமை வாய்ந்த தேவாலயத்தோடு நடுநகரத்தையும் இழந்து நின்ற இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரம், யுத்தம் ஓய்ந்து தன்னை மீண்டும் கட்டிக்கொள்ள முற்பட்டபோது, வீடுகளையும் கடைத்தெருக்களையும் போலவே நாடகசாலையும் மக்களுக்கு அவசியமானது என்று கருதியது. மோட்டார் தொழிற்சாலைகளில் உழைத்துப் பிழைக்கும் ஜனங்கள் மிகுந்த ஊர் அது. அதேபோலக் குண்டுவீச்சில் அழிந்து மீண்ட, அன்றைய யுகோஸ்லாவியத் தலைநகரமான பெல்கிரேடு, சிநேகத்தின் அடையாளமாகப் பீச் மரங்களைக் கொடையாக அனுப்பிற்று. அந்த மரம் கட்டடத்தில் இடம்பெற்றது. நன்றியறிதலாக நாடகசாலைக்குப் பெல்கிரேடு என்றே பெயரும் வைத்தார்கள். 1958-ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்ட அந்த அரங்கம், யுத்தத்துக்குப் பின் பிரிட்டனில் ஒரு மாநகராட்சியின் முயற்சியால் புதிதாக எழுந்த முதல் நாடகசாலையாகும். ஆர்னால்டு வெஸ்கரின் புகழ்பெற்ற மூன்று நாடகங்கள் முதன்முதலில் மேடையேறியதும், இயன் மெக்கெலன் என்னும் பெரும் நடிகர் 1961-இல் தம் தொழில் வாழ்வைத் தொடங்கியதும் அங்கேதான்.

இவையெல்லாம் பெருமைக்குரியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், உலக நாடகச் சரித்திரத்தில் அந்த அரங்கத்துக்கு உரிய தனியிடம் அதன் மேடையில் நடந்தவற்றால் மட்டும் வந்ததன்று. அந்த மேடையை விட்டிறங்கி, ஊரிலுள்ள பாடசாலைகளின் கூடங்களுக்குள் அது சென்று செய்த காரியத்தால் வந்தது.

நாடகசாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள உறவு என்று சொன்னவுடன் நம் மனத்தில் தோன்றுவது எது? ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளை வரிசையாக அழைத்துச் சென்று, பாடப்புத்தகத்தில் உள்ள ஒரு நாடகத்தைக் காட்டி, மறுநாள் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்வது. இதில் தீங்கு ஒன்றும் இல்லை. இருட்டில் திரை விலகும் அந்த ஒரு கணத்தின் இன்பத்துக்காகவே எத்தனையோ குழந்தைகள் கலையின்மேல் ஆயுட்காலப் பற்று கொண்டிருக்கிறார்கள். ஆனால் இந்த ஏற்பாட்டில் நாடகசாலை விற்பவராகவும், பள்ளிக்கூடம் வாங்குபவராகவும் நின்றுவிடுகின்றன. எந்த நாடகம், எந்த வயதுக்கு, எதன் பொருட்டு என்று இருவரும் கூடியிருந்து யோசிப்பதில்லை. ஆயிரம் பேர் நடுவே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு ஒரு சந்தேகம் எழுந்தால் அதை யாரிடமும் கேட்க இயலாது. நடிகருக்கு அந்தக் குழந்தையின் முகமே தெரியாது.

1965-ஆம் ஆண்டில் பெல்கிரேடு அரங்கத்தில் பணிபுரிந்த கார்டன் வாலின்ஸ் என்பவர் இந்த உறவையே மாற்றியமைக்கும் திட்டமொன்றை வகுத்தார். மாநகராட்சி அதற்கென்று தனி மானியம் வழங்கச் சம்மதித்தது. நால்வர் அடங்கிய ஒரு சிறு குழு நியமிக்கப்பட்டது. இக்குழுவினரின் பெயரே அவர்களுடைய தொழிலை விளக்கிவிடும்: நடிகர்-ஆசிரியர். நடிப்பில் தேர்ச்சியும், பிள்ளைகளோடு இருந்து கற்பிக்கும் பொறுமையும் ஒருவரிடமே சேர்ந்திருக்க வேண்டும் என்பது நியமனத்தின் விதி. பள்ளிகள் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. ஊரிலுள்ள எந்தப் பள்ளியும், அதன் பிள்ளைகள் எந்தத் தெருவிலிருந்து வருபவர்களாயினும், கேட்டால் அவர்கள் வருவார்கள்.

இம்முயற்சி வெறும் வெளியிலிருந்து முளைத்ததன்று. குழந்தைகளின் விளையாட்டுக்குள்ளேயே நாடகம் இருக்கிறதென்று பீட்டர் ஸ்லேடு முன்பே எழுதியிருந்தார். பிரையன் வே 1953-இல் நிறுவிய குழு பள்ளிகளுக்குச் சென்று நடித்துவந்தது. பதினான்கு வயதில் படிப்பை நிறுத்தி ஆலைவேலைக்குப் போன டாரதி ஹீத்கோட் என்னும் அம்மையார், பிற்காலத்தில் நியூகாசில் நகரில் ஆசிரியர்களுக்கு ஆசிரியராகி, வகுப்பில் ஆசிரியரே ஒரு பாத்திரமாகி நின்று பிள்ளைகளைச் சிந்திக்க வைக்கும் முறையை வளர்த்துக்கொண்டிருந்தார். கவென்ட்ரியில் புதிதாக நிகழ்ந்தது, இத்தகைய கருத்துகளுக்கு ஒரு நாடகசாலையும் ஒரு நகரசபையும் நிரந்தரமான இடமும் சம்பளமும் கொடுத்து, அதை ஊரின் கல்விப் பணிகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டதுதான்.

அவர்கள் வேலை செய்த முறையைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். ஒரு நிகழ்ச்சியைத் தயாரிப்பதற்குமுன் குழுவினர் பல வாரங்கள் அப்பொருளைப் பற்றிப் படித்தும் விசாரித்தும் விஷயம் சேகரிப்பார்கள். ஆசிரியர்களோடு கலந்து பேசுவார்கள். நாடகத்தை எழுத்தாளர் ஒருவர் தனியே எழுதித் தருவதைவிடக் குழுவே கூடிப் பேசி, நடித்துப் பார்த்து உருவாக்குவதே பெரும்பான்மை. பின்னர் ஆசிரியர்களை அழைத்து, நடக்கப்போவது இன்னது, பிள்ளைகளை இவ்வாறு ஆயத்தப்படுத்துங்கள் என்று விளக்குவார்கள். குறித்த நாளில் சாமான்களோடு குழு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரும். எதிரே இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வகுப்பு. முப்பது, முப்பத்தைந்து பிள்ளைகள். மேடையில்லை, திரையில்லை, இருட்டில்லை. அரை நாளோ முழு நாளோ அவர்கள் தங்கியிருப்பார்கள். அந்த நேரத்தில் குழந்தைகள் பார்ப்பவர்களாக மட்டும் இராமல், கதைக்குள் ஊர்மக்களாகவும் தொழிலாளிகளாகவும் பஞ்சாயத்தாராகவும் ஆகி, பாத்திரங்களை நேருக்கு நேர் கேள்வி கேட்டு, ஏதேனும் ஒரு தீர்மானத்துக்கு வந்தாக வேண்டும். குழு போன பின்பும் வேலை முடிவதில்லை. வகுப்பாசிரியர் தொடர்ந்து நடத்துவதற்குரிய குறிப்புகளையும் படங்களையும் ஆவணங்களையும் அவர் கையில் கொடுத்துவிட்டே செல்வார்கள்.

எழுபதுகளின் முற்பகுதியில் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளுக்கென்று அவர்கள் உருவாக்கிய 'பவ் வாவ்' என்ற நிகழ்ச்சியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். டெக்ஸ் என்னும் அமெரிக்கக் குதிரைவீரர் வருகிறார். உற்சாகமான மனிதர், குழந்தைகளுக்கு அவரைப் பிடித்துப்போகிறது. அவரிடம் ஒரு கூண்டு இருக்கிறது. கூண்டுக்குள் ஒரு செவ்விந்தியர் இருக்கிறார். அவர் பொல்லாதவர், அஞ்சத்தக்கவர் என்று டெக்ஸ் சொல்கிறார். திரைப்படங்களில் பார்த்த குழந்தைகளும் அதை நம்புகிறார்கள். பிறகு டெக்ஸ் இல்லாத வேளையில், பிளாக் எல்க் என்னும் அந்த மனிதரோடு குழந்தைகளுக்குப் பழக்கம் உண்டாகிறது. தம் மக்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள், நிலத்தையும் விலங்கையும் எவ்வாறு கருதினார்கள் என்பதை அவர் வாயாலேயே கேட்கிறார்கள். டெக்ஸ் திரும்பி வருகிறார். இப்போது குழந்தைகளுக்கு இருவருமே வேண்டியவர்கள். இருவர் சொல்வதும் உண்மையாயிருக்க முடியாது. யார் பக்கம் நிற்பது என்பதை வளர்ந்தவர் ஒருவரும் எடுத்துச் சொல்லாத அந்த நிலையில், தம் முன்னே மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கும் இரண்டு மனிதர்களுக்கு நடுவே, அந்தச் சிறு வயதில் நியாயத்தைத் தேடும் பொறுப்பு அவர்கள்மேல் வந்து விழுகிறது. பிறரைப் பற்றிக் கேட்டதை அப்படியே நம்பலாகாது என்ற பாடத்தை நூறு முறை கரும்பலகையில் எழுதிப் போட்டாலும் இவ்வாறு நெஞ்சில் பதியுமா?

சிறு பிள்ளைகளுக்கு இவ்வளவு கனமான விஷயம் தகுமா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள். என் அபிப்பிராயத்தில், குழந்தை விளையாட்டு மைதானத்தில் நாள்தோறும் சந்திக்கும் சங்கடம் இதுவேயன்றி வேறில்லை. யார் சொல்வதை நம்புவது, யாரைச் சேர்த்துக்கொள்வது, யாரை விலக்குவது என்பதைவிட ஆறு வயதுக்குப் பெரிய கேள்வி எது?

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு 1973-இல் சுற்றுப்புற மாசு பற்றிய 'ரேர் எர்த்' என்ற நிகழ்ச்சி அமைந்தது. அதன் ஒரு பகுதி ஜப்பானிய மினமாட்டா விரிகுடாவின் சோகத்தைச் சொல்லுவது. ரசாயனத் தொழிற்சாலையிலிருந்து கடலில் கலந்த பாதரசம் மீனுக்குள் சென்று, மீனைத் தின்ற செம்படவக் குடும்பங்களை முடமாக்கிய அந்த வரலாறு, தொழிற்சாலைகளையே நம்பி வாழும் கவென்ட்ரித் தொழிலாளர்களின் குழந்தைகள் முன்னால் நடிக்கப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இவற்றினும் என் மனத்தை அதிகம் ஆட்கொண்டது, எழுபதுகளின் நடுவில் மேல்வகுப்பு மாணவர்களுக்காக அக்குழு தயாரித்த கிரெய்க்-பென்ட்லி வழக்கு பற்றிய நாடகம். 1952-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், லண்டனை அடுத்த கிராய்டனில், ஒரு கிடங்கின் கூரைமேல் திருட ஏறிய இரண்டு இளைஞர்களைப் போலீஸார் சூழ்ந்துகொண்டனர். பதினாறு வயதுக் கிறிஸ்டோபர் கிரெய்க் துப்பாக்கியால் சுட்டதில் சிட்னி மைல்ஸ் என்னும் காவலர் இறந்தார். பத்தொன்பது வயது டெரெக் பென்ட்லி சுடவில்லை. அவன் முன்னமே காவலர் ஒருவரின் பிடியில் அகப்பட்டிருந்தான். எழுதப் படிக்கத் தெரியாத, புத்தி முதிராத பிள்ளை. சட்டப்படி கிரெய்க்குக்குத் தூக்குத் தண்டனைக்குரிய வயது ஆகவில்லை. பென்ட்லிக்கு ஆகியிருந்தது. கருணை காட்டும்படி ஜூரிகளே பரிந்துரைத்தும், உள்துறை மந்திரி அதை ஏற்கவில்லை. 1953 ஜனவரி 28-ஆம் தேதி பென்ட்லி தூக்கிலிடப்பட்டான். அவனை ஒத்த வயதை நெருங்கிக்கொண்டிருந்த மாணவர்கள் முன்னால் இதை நடித்துக்காட்டி, சட்டம் யாரைக் காக்கிறது, தண்டனை யாருக்கு எச்சரிக்கையாகிறது, பள்ளியும் சமூகமும் கைவிட்ட ஒருவனுக்கு நீதிமன்றம் என்ன செய்ய முடியும் என்ற கேள்விகளை அக்குழு அவர்களிடமே விட்டது. பென்ட்லியின் தண்டனைத் தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்துச் செய்தது 1998-இல். நீதிபதிகள் சொல்வதற்கு இருபதாண்டுகளுக்கும் முன்பாக, ஒரு நகரத்தின் பள்ளிப் பிள்ளைகள் அந்தத் தீர்ப்பைத் தம் வகுப்பறையில் அமர்ந்து விசாரித்திருக்கிறார்கள்.

கவென்ட்ரியைப் பார்த்துப் போல்ட்டன், எடின்பரோ, லீட்ஸ், கிரீனிச், நாட்டிங்காம் முதலிய ஊர்களின் நாடகசாலைகளும் இதுபோன்ற குழுக்களை அமைத்தன; கடல் கடந்தும் இம்முறை பரவியது. நம் தேசத்திலும் டில்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளி, 'சம்ஸ்கார் ரங்க டோலி' என்னும் கல்வி நாடகக் குழுவை 1989-இல் ஏற்படுத்தியது.

ஆனால் டில்லியில் இது பிறந்துகொண்டிருந்த அதே சமயத்தில், பிறந்த வீட்டில் அதன் வேர் அறுபடத் தொடங்கியிருந்தது. 1988-ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இரண்டு மாற்றங்களை ஒருங்கே கொண்டுவந்தது. தேசிய பாடத்திட்டம் வகுத்து, ஆசிரியரின் நேரத்தைக் கணக்கிட்டுக் கட்டியது ஒன்று. அதுவரை உள்ளூர்க் கல்வி அதிகாரிகள் கையில் பொதுவாக இருந்த பணத்தைப் பிரித்து, ஒவ்வொரு பள்ளியும் தானே செலவிட்டுக்கொள்ளுமாறு ஒப்படைத்தது மற்றொன்று. கேட்பதற்கு இரண்டாவது நியாயமாகவே தோன்றும்; தன் தேவையைத் தானே அறிந்த பள்ளி, தன் பணத்தைத் தானே செலவிடுவதில் குற்றமென்ன? குற்றம் நடைமுறையில் தெரிந்தது. ஊர்க்கிணற்றில் உள்ள தண்ணீரைக் குடங்களில் பங்கிட்டு வீடுவீடாகக் கொடுத்துவிட்டால், பிறகு பொதுத் தோட்டத்துக்கு நீர் ஊற்ற யாரும் முன்வரமாட்டார்கள். கூரை ஒழுகும் பள்ளியும், புத்தகம் போதாத பள்ளியும், நடிகர்கள் வந்து ஒரு வகுப்போடு ஒரு நாள் செலவிடுவதற்குப் பணம் எடுத்துவைக்குமென்று எதிர்பார்ப்பதெப்படி? கொடுக்கக்கூடிய பள்ளிகளும், கொடுக்கிற பணத்துக்கு முப்பது பேர் போதாது, முந்நூறு பேரை உட்கார வைக்க வேண்டும் என்றன. முந்நூறு பேர் உட்கார்ந்தவுடனே அது பழையபடி பார்க்கும் நாடகமாகிவிட்டது. குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. எல்லாவற்றுக்கும் மூத்ததான பெல்கிரேடு குழு 1996-இல் மூடப்பட்டது. அந்த அரங்கம் இன்றும் ஊரின் இளைஞர்களோடும் பள்ளிகளோடும் பலவிதமாக உறவாடி வருகிறது. பர்மிங்காமில் 1982-இல் தோன்றிய 'பிக் பிரம்' போன்ற ஒருசில குழுக்கள் விடாப்பிடியாகப் பழைய முறையைக் காத்து வருகின்றன. எனினும், ஊரிலுள்ள எல்லாப் பள்ளிகளுக்கும் இலவசமாக, நிரந்தரச் சம்பளம் பெறும் ஒரு குழு வகுப்பு வகுப்பாகச் சென்ற அந்தக் காலம் போய்விட்டது.

முப்பத்தோராண்டுகள் நடந்த அந்தக் காரியம், நாடகம் சுவைக்காமல் நின்றதன்று. பிள்ளைகள் வெறுத்ததாலோ ஆசிரியர்கள் மறுத்ததாலோ நின்றதன்று. அதற்கு ஆதாரமாக இருந்த பொதுப்பணம் பங்கிடப்பட்டதால் நின்றது. ஆகவே, தம் ஊர் அரங்கத்தையும் பள்ளிகளையும் இணைக்க நினைப்பவர்கள், எந்த நாடகத்தைப் போடுவது என்று யோசிப்பதற்கு முன்னால், ஒரு வகுப்புக்கு முப்பது பேர் என்ற அளவு மீறாமல், ஏழைப் பள்ளிக்கும் செல்வப் பள்ளிக்கும் ஒரேவிதமாக, ஆண்டுதோறும் இதற்குச் சம்பளம் கொடுக்கப்போகிறவர் யார் என்பதை முதலில் முடிவு செய்து, நகரசபையின் கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.