ஆஸ்பத்திரி ஆள் கணக்கில் நாம் உண்டா?

தொழிலாளத் தோழர்களே! கிளினிக்கில் நம்பர் எடுத்துவிட்டு உச்சிவெயில் வரைக்கும் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "ஆள் பத்தலைங்க." எத்தனை ஆள் இருந்தால் பத்தும், அதை யார் கணக்குப் பார்ப்பது என்று நாம் கேட்பதில்லை.

கணக்கு இல்லாமல் இல்லை. 1956ல் கிராமப்புற சுகாதாரத் திட்டம் தொடங்கியபோது தலையை எண்ணித்தான் ஆள் போட்டார்கள். 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி, 10,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 50,000 பேருக்கு டாக்டர் உள்ள பெரிய நிலையம். 1970களில் இதை மாற்றி, 4,000 பேருக்கு ஒரு கிராமக் கிளினிக் என்று வைத்தார்கள். இருந்த மருத்துவச்சிகளுக்கே மேல்பயிற்சி கொடுத்துத் தாதிகளாக்கினார்கள். கெட்டிக்கார வேலை, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் அந்தக் கணக்கு தோட்ட வேலியோடு நின்றுபோனது. தோட்டம் தனியார் நிலமாம். வைத்தியம் முதலாளி பொறுப்பாம். அதனால் நமக்கு வாய்த்தவர் டிரசர் ஐயா. காய்ச்சல், வெட்டுக்காயம், ஊசி, சிக் லீவு எல்லாம் அவர் கையில். டாக்டர் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவார். டிரசர்களைப் பதிவு செய்ய 1965ல் ஒரு சட்டம் வந்தது. பதிவேடு இருக்கிறவர் பெயரைச் சொல்லும். அவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு யார் என்று சொல்லுமா?

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின, துண்டாகின. பீடோர், தாப்பா பக்கம் தாமான்களுக்கு வந்துவிட்ட நம் சனத்துக்கு இப்போது அரசாங்கக் கிளினிக்தான் கதி.

டாக்டர் கதையையும் கேளுங்கள். மருத்துவக் கல்லூரிகள் பெருகி, 2011ல் புதுப் படிப்புகளுக்குத் தடை போட வேண்டியதாயிற்று. 2016 டிசம்பர் முதல் புது டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். 2021 ஜூலை 26ல் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்து நின்றதைப் பார்த்தோமே! காண்ட்ராக்ட் என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. படித்தவர் அதிகம், போஸ்ட் குறைவு. வாசலில் நோயாளிகளும் குறையவில்லை. தாதிகளோ சம்பளம் பார்த்து சிங்கப்பூர், சவுதி என்று போகிறார்கள். பால்மரம் நட்டால் ஆறேழு வருஷம் கழித்துத்தான் வெட்டலாம். ஒரு தாதிக்கு மூன்று வருஷப் படிப்பு. ஸ்பெஷலிஸ்ட் டாக்டருக்குப் பத்து வருஷத்துக்கு மேல். அத்தனை வருஷம் முன்னாலேயே தலையை எண்ணியிருக்க வேண்டும்.

நம் தலையை நாமே எண்ணலாம். லயமோ தாமானோ, வீடு வீடாக எழுதுங்கள்: எத்தனை பேர், ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள், கர்ப்பிணிகள், சர்க்கரைக்காரர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள். வங்காளதேசி, இந்தோனேசியத் தொழிலாளர்களையும் விடாதீர்கள்; அவர்களும் தலைதான். கிளினிக் போன தேதி, காத்திருந்த நேரம், எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும். தோட்டத்திலேயே குடியிருப்பவர்கள் 1990ஆம் ஆண்டு வீடமைப்பு, வசதிகள் சட்டத்தையும் கேட்டு வையுங்கள். மருத்துவ வசதி முதலாளி கடமை என்று அதில் இருக்கிறது. பட்டியலில் ஒரு பிரதி கிளைச் செயலாளரிடம், ஒன்று பத்தாங் பாடாங் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில். கொடுத்ததற்கு முத்திரை போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.